குவாரியில் ஒரு பாடத்திட்டம்: சிறைப் படிப்பு அரசியல் கைதிகளை எப்படிப் பிணைக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தவர்கள் அந்த இடத்தைப் ‘பல்கலைக்கழகம்’ என்று குறிப்பிடுவது வழக்கம். துன்பத்தையும் பாடமாக ஏற்றுக்கொண்ட பெருந்தன்மை அது என்று எண்ணி நம்மில் பலர் அந்தச் சொல்லைக் கடந்துபோகிறோம். அந்தப் பெயருக்கு நேர்ப்பொருளே உண்டு. அந்தச் சிறையில் பாடத்திட்டம் இருந்தது, ஆசிரியர்கள் இருந்தார்கள், எழுத்தறியாமல் வந்து எழுதப் படிக்கக் கற்றவர்களும், அஞ்சல் வழியில் தேர்வெழுதிப் பட்டம் பெற்றவர்களும் இருந்தார்கள்.

இதைவிட விளங்கிக்கொள்ளக் கடினமான செய்தி ஒன்று உண்டு. வெளியே ஒருவரையொருவர் கடுமையாகச் சாடிக்கொண்ட கட்சிகளைச் சேர்ந்தவர்கள், விடுதலையாகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும், அரசியலில் எதிரெதிர் நிலைகளில் நின்றபடியே, ஒருவரைப் பற்றி மற்றவர் மரியாதையோடு பேசினார்கள். ஒன்றாகத் துன்பப்பட்டதால் வந்த நெருக்கம் என்பது எளிதான விடை. அது போதாத விடையும்கூட. பற்றாக்குறை மிகுந்த இடத்தில் துன்பம் மனிதர்களைச் சேர்ப்பதைப் போலவே பிரிக்கவும் செய்யும். ஒரு போர்வைக்கும் ஒரு துண்டு ரொட்டிக்கும் மனிதர்கள் பகையாளிகளாவது எந்தச் சிறையிலும் நடப்பதுதான். ஆகவே, அவர்கள் ஒன்றாக எதை அனுபவித்தார்கள் என்பதோடு, ஒன்றாக என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ராபன் தீவில் அவர்கள் ஒன்றாகச் செய்தவற்றுள் முதன்மையானது படிப்பு.

முதலில் சில சொற்கள்

‘அரசியல் கைதி’ என்பதற்கு எல்லா அரசுகளும் ஏற்கும் வரையறை கிடையாது. அரசியல் நோக்கத்தோடு செய்த செயலுக்காகவோ, கொண்டிருந்த கருத்துக்காகவோ அடைக்கப்பட்டவர் என்பது பொதுவான பொருள். அடைத்து வைக்கும் அரசு பெரும்பாலும் இந்தப் பெயரை மறுக்கும். தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் நிறவெறி ஆட்சி ராபன் தீவில் இருந்தவர்களைப் ‘பாதுகாப்புக் கைதிகள்’ என்றது. பெயரை மறுப்பதில் நடைமுறை நோக்கம் உண்டு: அரசியல் கைதி என்று ஒப்புக்கொண்டால் புத்தகம், செய்தித்தாள், கூடிப் பேசும் உரிமை ஆகியவற்றை மறுப்பது கடினமாகிவிடும். 1929இல் லாகூர்ச் சிறையில் 63 நாள் உண்ணாநோன்பிருந்து இறந்த ஜதீந்திரநாத் தாஸும் அவருடைய தோழர்களும் முன்வைத்த கோரிக்கைகளில், நல்ல உணவோடு புத்தகங்களும் செய்தித்தாள்களும் இடம்பெற்றிருந்ததை இங்கே நினைவுகூரலாம்.

‘சிறைப் படிப்பு’ என்ற சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு செயல்கள் அடங்கியிருக்கின்றன. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காவிட்டால் பின்னால் வரும் எதுவும் விளங்காது.

1. அனுமதி பெற்ற படிப்பு. நிர்வாகத்திடம் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, அஞ்சல் வழியில் பள்ளி இறுதித் தேர்வோ பல்கலைக்கழகப் பட்டமோ படிப்பது. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் 1946 முதல் அஞ்சல் வழியில் கற்பித்து வந்ததால் இது சாத்தியமாயிற்று.

2. எழுத்தறிவு. படித்த கைதி படிக்காத கைதிக்கு எழுத்தும் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுப்பது.

3. மறைவான அரசியல் கல்வி. இயக்க வரலாறு, பொருளாதாரம், மார்க்சியம் போன்றவற்றை வார்டர்களின் (சிறைக் காவலர்களின்) கண்ணில் படாமல் கற்பிப்பது.

முதலாவது நிர்வாகத்தின் ஏட்டில் இருந்தது. மற்ற இரண்டும் அந்த ஏட்டின் நிழலில் வளர்ந்தன. உறவு தழைத்தது பெரும்பாலும் இந்த நிழலில்தான்.

தீவும் அதன் பிரிவினைகளும்

கேப் டவுன் துறைமுகத்துக்கு எதிரே, கடலுக்குள் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ராபன் தீவு. முன்பு தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த இந்த இடம் 1960களின் தொடக்கத்திலிருந்து அரசியல் கைதிகளுக்கான கடுங்காவல் சிறையானது. கடைசி அரசியல் கைதிகள் 1991இல் வெளியேறினார்கள். அரசுக்கு எதிரான நாசவேலைக் குற்றச்சாட்டில் நடந்த ரிவோனியா வழக்கில் 1964 ஜூன் 12 அன்று ஆயுள் தண்டனை பெற்ற எட்டுப் பேரில் ஏழு பேர் இங்கே கொண்டுவரப்பட்டார்கள்: நெல்சன் மண்டேலா, வால்டர் சிசுலு, கோவன் ம்பெகி, அகமது கத்ராடா, ரேமண்ட் ம்லாபா, எலியாஸ் மொட்சொலெடி, ஆண்ட்ரூ மிலாங்கெனி. எட்டாவது நபரான டெனிஸ் கோல்ட்பர்க் வெள்ளையர் என்பதால் பிரிட்டோரியாவில் தனியே வைக்கப்பட்டார். சிறையிலும் நிறம் பார்த்துத்தான் இடம்.

தீவுக்குள்ளும் பிரிவினை தொடர்ந்தது. தலைவர்கள் என்று அரசு கருதியவர்கள் ‘பி’ பிரிவின் தனிக் கொட்டடிகளில் அடைக்கப்பட்டார்கள். மற்றவர்கள் பொதுப் பிரிவின் பெரிய கூடங்களில். ஆப்பிரிக்கர்களுக்கு ஒரு உணவுப் பட்டியல், இந்திய வம்சாவளியினருக்கும் கலப்பினத்தவருக்கும் வேறொரு பட்டியல். பின்னவர்களுக்கு ரொட்டி உண்டு, ஆப்பிரிக்கர்களுக்கு நீண்டகாலம் இல்லை. கட்சி வேறுபாடுகளும் இருந்தன: ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ், அதிலிருந்து 1959இல் பிரிந்துபோன அகில ஆப்பிரிக்க காங்கிரஸ், இவ்விரண்டையும் விமர்சித்த சிறிய இடதுசாரிக் குழுக்கள். பிரிந்து நிற்பதற்கான காரணங்கள் இப்படிக் கட்டடத்திலும் தட்டிலும் கொள்கையிலும் நிறைந்திருந்தன.

‘சலுகை’ என்ற பிடி

படிப்பை நிர்வாகம் உரிமையாகக் கருதவில்லை. அதைச் ‘சலுகை’ என்றே அழைத்தது. நன்னடத்தைக்குப் பரிசாகத் தரலாம், கீழ்ப்படியாமைக்குத் தண்டனையாகப் பறிக்கலாம். எந்தப் பாடம், எந்தப் புத்தகம் என்பது தணிக்கைக்கு உட்பட்டது. 1960களின் இறுதியில் முதுநிலைப் படிப்புகள் தடை செய்யப்பட்டன. கட்டணத்துக்கு உறவினர்களையும் வெளியுதவியையும் நம்பியிருக்க வேண்டும். ஆரம்பத்தில் கொட்டடிகளில் மேசையென்று சுவரில் பொருத்தப்பட்ட பலகையின் முன் நின்றுகொண்டுதான் படிக்க முடிந்தது. நாள் முழுவதும் குவாரியில் உழைத்துவிட்டு வந்தவர்கள் போராடிய பிறகே உட்கார முக்காலி வந்தது.

இந்த விதிகளுள் நம் பொருளுக்கு மிக முக்கியமானது ஒன்று. படிக்கும் அனுமதி பெற்றவர், அனுமதி இல்லாதவருக்குத் தம் புத்தகத்தை இரவல் தரக்கூடாது. ஒரு புத்தகத்தைக் கைமாற்றியதற்காகவே படிப்பு பறிபோகலாம். படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் இடையே ஏற்கெனவே இருந்த இடைவெளியை இது மேலும் அகலமாக்கக்கூடிய விதி. நடைமுறையில் நேர்மாறாக நடந்தது. இரவல் கொடுப்பது குற்றமானதால், கொடுப்பவர் தம் பட்டப்படிப்பையே பணயமாக வைத்துக் கொடுத்தார் என்று வாங்குபவருக்குத் தெரிந்தது. சாதாரண இரவல் நம்பிக்கைக்குரிய ஒப்பந்தமாக மாறியது. என் கணிப்பில் ராபன் தீவு உறவுகளின் முதல் முடிச்சு இங்கேதான் விழுந்தது.

குவாரியில் வகுப்பு நடந்த விதம்

1965இன் தொடக்கத்திலிருந்து ‘பி’ பிரிவுக் கைதிகள் தீவின் சுண்ணாம்புக் குவாரிக்கு அனுப்பப்பட்டார்கள். வெள்ளைப் பாறையில் பட்டுத் திரும்பும் வெயில் கண்களைக் கெடுத்தது; கறுப்புக் கண்ணாடி கேட்டுப் பெறவே ஆண்டுகள் ஆயின. உடலை ஒடிப்பதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த வேலைக்கு, நிர்வாகம் எதிர்பாராத விளைவு ஒன்று இருந்தது. கொட்டடிக்குள் தனித்தனியாக அடைபட்டவர்கள் பகல் முழுவதும் அருகருகே நிற்க முடிந்தது. தோண்டிக்கொண்டே பேசலாம். ஆசிரியர் நடுவில் நிற்க, மாணவர்கள் இருபுறமும் மண்வெட்டியோடு நிற்க, வார்டர் நெருங்கினால் பேச்சு நின்று வேலை தொடர, அவர் நகர்ந்ததும் விட்ட இடத்திலிருந்து பாடம் தொடரும்.

இந்தப் பேச்சுகளிலிருந்து முறையான பாடத்திட்டம் உருவானது. ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் கைதிகள் அதற்கு ‘ஏ பாடத்திட்டம்’ என்று பெயரிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் நடக்கும் தொடர். இயக்கத்தின் வரலாற்றை வால்டர் சிசுலு கற்பித்தார். தென்னாப்பிரிக்க இந்தியர்களின் போராட்ட வரலாற்றை கத்ராடா நடத்தினார். கிழக்கு ஜெர்மனியில் பயின்றுவந்த மாக் மகராஜ் மார்க்சியம் சொல்லிக்கொடுத்தார். மண்டேலா அரசியல் பொருளாதாரம் நடத்தினார். பொதுப் பிரிவில் இருந்தவர்கள் இதைக் கேள்விப்பட்டுத் தங்களுக்கும் வேண்டும் என்றபோது, பாடங்கள் சிறு தாள்களில் எழுதப்பட்டுக் கடத்தப்பட்டன. அங்கிருந்து கேள்விகள் அதே வழியில் திரும்பிவந்தன. ஒருவரையொருவர் பார்க்கவே முடியாதவர்களுக்கிடையே ஆசிரியர், மாணவர் உறவு இப்படி எழுத்திலேயே நடந்தது.

கத்ராடாவின் பாடத்துக்குத் தமிழ் வாசகர் சற்று நின்று கவனிக்க வேண்டிய பொருள் உண்டு. தென்னாப்பிரிக்க இந்தியர்களின் சத்தியாகிரகத்தில் தமிழர்களின் பங்கு பெரியது. அதன் முன்னணியில் நின்று பலமுறை சிறை சென்றவர் தம்பி நாயுடு. அவருடைய பேரன் இந்திரஸ் நாயுடு 1963இல் கைதாகிப் பத்தாண்டுகள் ராபன் தீவில் இருந்தார். ஆக, குவாரியில் பாடமாக நடத்தப்பட்ட வரலாற்றின் வாரிசு ஒருவர் அதே தீவின் பொதுப் பிரிவில் கைதியாகவே இருந்திருக்கிறார். ஆப்பிரிக்கக் கைதிகளுக்கு இந்தப் பாடம் ஏன் தேவைப்பட்டது என்பதும் இதிலிருந்து புரியும். தட்டில் ரொட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்தியர், அரசு காட்டுவதைப் போல ‘மேலான பிரிவு’ ஆள் அல்லர். தம்மைப் போலவே ஒரு நூற்றாண்டுப் போராட்டத்தைப் பின்னால் வைத்திருப்பவர் என்று அவர்களுக்கு அந்தப் பாடம் சொன்னது.

உறவு உருவாகும் வழிகள்

மேலே சொன்னவை நிகழ்வுகள். அவற்றிலிருந்து, படிப்பு ஏன் வேறெந்தச் செயலையும்விட ஆழமாக மனிதர்களைப் பிணைத்தது என்பதற்கான காரணங்களைப் பிரித்தெடுக்க முயல்கிறேன்.

1. படிநிலை தலைகீழாகிறது. சிசுலு பள்ளிப் படிப்பை இளவயதிலேயே விட்டவர், தொழிலாளியாக வாழ்ந்தவர். மண்டேலா வழக்கறிஞர். ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற நெவில் அலெக்சாண்டர், வேறொரு இடதுசாரிக் குழுவைச் சேர்ந்தவர், 1964 முதல் 1974 வரை அதே பிரிவில் இருந்தார். வெளியுலகின் அளவுகோல்படி இவர்களில் ஆசிரியர் யார், மாணவர் யார் என்பது ஐயத்துக்கிடமில்லாதது. குவாரியிலோ இயக்கத்தின் வரலாற்றை நினைவிலிருந்து ஆண்டுவாரியாகச் சொல்லக்கூடிய சிசுலுதான் பேராசிரியர். பட்டம் பெற்றவர்கள் அவரிடம் பாடம் கேட்டார்கள். அதே சிசுலு மாலையில் அஞ்சல் வழிப் பாடத்துக்கு இன்னொருவரிடம் ஐயம் கேட்கும் மாணவராவார். எல்லோரும் ஏதோ ஒன்றில் ஆசான், ஏதோ ஒன்றில் மாணாக்கர் என்ற நிலையில், நிரந்தரமாக மேலே இருப்பவரும் நிரந்தரமாகக் கீழே இருப்பவரும் இல்லாமல் போகிறார்கள். கட்சிப் பதவியால் வரும் மரியாதையும் கற்பித்தலால் வரும் மரியாதையும் வேறு வேறு. இரண்டாவது மரியாதை கட்சி எல்லையைத் தாண்டக்கூடியது.

2. தீராத கடன் உருவாகிறது. எழுத்தறியாமல் தீவுக்கு வந்த ஒருவர், சிமெண்டுப் பையின் தாளில் எழுத்துப் பழகி, முதன்முறையாகத் தம் மனைவிக்குத் தாமே கடிதம் எழுதும் நாளை எண்ணிப் பாருங்கள். அதுவரை அவருடைய குடும்ப இரகசியங்களை இன்னொருவர் எழுதியும் படித்தும் காட்ட வேண்டியிருந்தது. அந்த நாளுக்குப் பிறகு, எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் எந்தக் கட்சிக்காரர் என்பது அவர் மனத்தில் இரண்டாம் இடத்துக்குப் போய்விடும். ‘ஒருவர் ஒருவருக்குக் கற்பிக்கட்டும்’ என்பது தீவில் வழங்கிய முழக்கம். முறையான கல்வி ஏறக்குறைய இல்லாமல் வந்து, அங்கே படித்து, பின்னர் நாட்டின் குடியரசுத் தலைவரான ஜேக்கப் ஜூமா இதற்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

3. காலம் பொதுவானதாகிறது. ஆயுள் தண்டனைக்காரருக்கு நாள்காட்டி பொருளற்றது. தேர்வுத் தேதி அதற்குப் பொருள் தருகிறது. பள்ளிப் பாடம் படிப்பவர் இரவு பத்து மணிவரையும் பட்டப்படிப்புப் படிப்பவர் பதினொரு மணிவரையும் விழித்திருக்கலாம் என்பது போன்ற விதிகள், யார் எப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதை எல்லோருக்கும் தெரியவைத்தன. ஒருவருடைய தேர்வு முடிவுக்காகப் பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

4. இரகசியம் பகிரப்படுகிறது. பொருளாதாரம் படித்த கைதி ஒருவரின் பெயரில் ‘தி எகானமிஸ்ட்’ இதழுக்குச் சந்தா கேட்டு, அது பாடத்துக்குரியது என்று நிர்வாகம் அனுமதித்துவிட, செய்தி மறுக்கப்பட்ட சிறைக்குள் உலகச் செய்தி சில காலம் வந்துகொண்டிருந்த கதையை மண்டேலா பதிவு செய்திருக்கிறார். இப்படிப்பட்ட ஏற்பாடு நீடிக்க வேண்டுமானால், அறிந்தவர் எல்லோரும் வாயைக் கட்ட வேண்டும். ஒருவர் தவறினாலும் எல்லோரும் இழப்பார்கள்.

நான்காவது வழியின் உச்சம் 1976இல் நிகழ்ந்தது. மண்டேலா தம் வாழ்க்கை வரலாற்றை இரவுகளில் இரகசியமாக எழுதினார். சிசுலுவும் கத்ராடாவும் படித்துத் திருத்தம் சொன்னார்கள். மாக் மகராஜும் சக கைதி லாலு சிபாவும் அதை நுண்ணிய எழுத்தில் படியெடுத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் விடுதலையான மகராஜ் படியை வெளியே கொண்டுசென்றார். முற்றத்து மண்ணில் புதைத்து வைத்திருந்த மூலப்படியின் ஒரு பகுதி, மதில் கட்டும் வேலையின்போது அகப்பட்டுக்கொண்டது. மண்டேலா, சிசுலு, கத்ராடா மூவரும் நான்கு ஆண்டுகளுக்குப் படிக்கும் அனுமதியை இழந்தார்கள். ஒருவரின் நூலுக்காக மூவரின் படிப்புப் போயிற்று. அதன் பிறகும் அந்த மூவரின் நட்பு குன்றவில்லை.

தீபாவளி வாழ்த்து அட்டை ஒட்டிய புத்தகம்

டர்பனைச் சேர்ந்த இந்திய வம்சாவளிக் கைதி சோனி வெங்கட்ரத்னம், ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸுக்கு வெளியே இயங்கிய ஓர் இடதுசாரி அமைப்பின் உறுப்பினர். 1970களில் ‘பி’ பிரிவில் இருந்தவர். அவரிடம் ஷேக்ஸ்பியரின் முழுத்தொகுப்பு ஒன்று இருந்தது. நிர்வாகம் அதைப் பறிக்காமலிருக்க, குடும்பத்தார் அனுப்பிய தீபாவளி வாழ்த்து அட்டைகளைப் புத்தகத்தின் மேலுறையில் ஒட்டி, இது தம் சமய நூல் என்றார். இந்துக் கடவுளரின் வண்ணப் படங்களைக் கண்ட வார்டர்கள் அதைத் தொடவில்லை.

விடுதலைக்கு முன், அந்தப் புத்தகத்தைச் சக கைதிகளிடம் சுற்றுக்கு விட்டு, தமக்குப் பிடித்த வரிகளைக் குறித்துக் கையெழுத்திடும்படி கேட்டார். முப்பதுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். மண்டேலா 1977 டிசம்பர் 16 அன்று ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில், கோழைகள் சாவுக்கு முன்பே பலமுறை சாகிறார்கள் என்ற பகுதியைத் தேர்ந்தார். அந்தக் கையெழுத்துகளைக் கட்சி அடிப்படையில் வகைப்படுத்திப் பார்த்தால்தான் இந்தப் புத்தகத்தின் அருமை புலப்படும். பொது அறிக்கை ஒன்றில் ஒன்றாகக் கையெழுத்திட்டிருக்கவே மாட்டாத இயக்கத்தினர் இங்கே அடுத்தடுத்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஓர் அரசியல் தீர்மானத்துக்கு வராத ஒப்புதல் ஒரு நாடகத் தொகுப்புக்கு வந்திருக்கிறது.

சேர்ந்து படிப்பதும் சண்டையிடுவதும்

இதுவரை சொன்னதை வைத்து, படிப்பு எல்லோரையும் ஒருமனப்படுத்தியது என்ற முடிவுக்கு வருவது பிழையாகும். படித்தவர்கள் முன்பைவிடக் கூர்மையாகவே முரண்பட்டார்கள்.

ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸும் கம்யூனிஸ்டுக் கட்சியும் ஒன்றா வேறா என்ற விவாதம் அதே கட்சியின் கைதிகளுக்குள் பல காலம் நீண்டது. நிறவெறி அரசு கறுப்பர்களை ஒதுக்கிவைக்க உருவாக்கிய ‘தாயகங்கள்’ எனப்படும் பிரதேச அமைப்புகளை எப்படி எதிர்கொள்வது என்பதில் மண்டேலாவுக்கும் கோவன் ம்பெகிக்கும் இடையே 1970களின் தொடக்கத்தில் கடும் பிணக்கு ஏற்பட்டது. ம்பெகி பொருளாதாரம் படித்தவர், அழுத்தமான மார்க்சியர், தீவின் மிகச்சிறந்த ஆசிரியர்களுள் ஒருவர். இருவருக்கும் இடையே முழு இணக்கம் பிறகும் வந்ததாகத் தெரியவில்லை. தேசம் என்றால் என்ன, தென்னாப்பிரிக்காவில் இருப்பது ஒரு தேசமா பல தேசிய இனங்களா என்பதில் நெவில் அலெக்சாண்டர் மண்டேலாவோடு நீண்ட விவாதங்கள் நடத்தினார்; கருத்து மாறாமலேயே வெளியே வந்து, அதைப் பற்றி 1979இல் புனைபெயரில் ஒரு நூலும் எழுதினார்.

படிப்பு இவர்களுக்குத் தந்தது உடன்பாட்டைவிட அரிதான ஒன்று: முரண்பட்டுக்கொண்டே தொடர்ந்து பேசுவதற்கான வழக்கம். வகுப்பு என்பது கேள்வி கேட்பதற்கென்றே அமைந்த இடம். மாணவர் ஆசிரியரை மறுக்கலாம்; மறுத்த பின்னும் மறுநாள் வகுப்புக்கு வர வேண்டும். கட்சிக் கூட்டத்தில் தோற்பவர் வெளியேறிவிடுவார். குவாரியிலிருந்து யாரும் வெளியேற முடியாது. மறுநாள் காலை அதே மண்வெட்டியோடு அதே மனிதரின் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். கருத்தை எதிர்ப்பதற்கும் மனிதரைப் பகைப்பதற்கும் இடையே உள்ள எல்லைக்கோட்டை இந்த நெருக்கடி அவர்களுக்குப் பழக்கியது.

இந்தப் பழக்கத்துக்குக் கடுஞ்சோதனை 1976க்குப் பிறகு வந்தது. ஆளும் வெள்ளையரின் மொழியான ஆப்பிரிக்கான்ஸில் பாடம் நடத்தும் ஆணையை எதிர்த்து அந்த ஆண்டு ஜூன் 16 அன்று, ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த கறுப்பர் குடியிருப்பான சொவேட்டோவின் மாணவர்கள் கிளர்ந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தீவுக்கு வந்த இளைஞர்களில் பலர், கறுப்பர்களின் தன்மதிப்பை முன்னிறுத்திய கறுப்பு உணர்வு இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் பார்வையில் மூத்தவர்கள் மிதவாதிகள். வார்டரிடம் மரியாதையாகப் பேசுவதே அவர்களுக்குச் சரணடைவதாகத் தோன்றியது. அதிலும் மண்டேலா ஆப்பிரிக்கான்ஸ் மொழியைப் படித்துக்கொண்டிருந்தார்! தங்கள் நண்பர்கள் எந்த மொழிக்கு எதிராக உயிரைக் கொடுத்தார்களோ, அதே மொழியின் இலக்கணப் புத்தகம் அந்தக் கிழவரின் கொட்டடியில். எதிராளியின் மனத்தை அறிய அவன் மொழி வேண்டும் என்ற விளக்கத்தை அவர்களில் எல்லோரும் ஏற்கவில்லை. பிற்காலத்தில் அமைச்சரான பேட்ரிக் லெக்கோட்டா கறுப்பு உணர்வு இயக்கத்திலிருந்து ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸுக்கு மாறியபோது, சிறைக்குள்ளேயே தாக்கப்பட்டார். பகுப்பாய்வும் விவாதமும் நிறைந்த அதே பல்கலைக்கழகத்தில் மண்டை உடைந்ததும் உண்டு என்பதை மறைத்து இந்த வரலாற்றைச் சொல்லக்கூடாது. மறுபுறம், பள்ளியைப் பாதியில் விட்டு வந்த இந்த இளைஞர்களில் பலர் தீவிலேயே படிப்பைத் தொடர்ந்தார்கள் என்பதும் உண்மை.

வார்டர்களும் இந்த வட்டத்துக்குள் இழுக்கப்பட்டார்கள். பலர் பள்ளிப் படிப்பை முடிக்காமல் வேலைக்கு வந்த ஏழை வெள்ளை இளைஞர்கள். பதவி உயர்வுக்குத் தேர்வெழுத வேண்டியிருந்தது. கட்டுரைக்கும் இலக்கணத்துக்கும் உதவ அவர்களைச் சுற்றிப் பட்டதாரிகள் இருந்தார்கள், கம்பிக்கு அந்தப்பக்கம்.

தோழரில்லாத படிப்பு

இந்த வாதத்தைச் சரிபார்க்க அதே தீவில் நேரெதிரான ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அகில ஆப்பிரிக்க காங்கிரஸின் தலைவர் ராபர்ட் சொபுக்வே, தம் தண்டனைக் காலம் 1963இல் முடிந்த பின்னும், அவரொருவருக்கென்றே இயற்றப்பட்ட சட்டப் பிரிவின்கீழ் 1969 வரை தீவில் காவலில் வைக்கப்பட்டார். தனி வீடு, சொந்த உடை, புத்தகங்கள், லண்டன் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பட்டப்படிப்பு எல்லாம் அனுமதிக்கப்பட்டன. பேசுவதற்கு ஆள் மட்டும் இல்லை. மற்றக் கைதிகளோடு ஒரு சொல்லும் பேசக்கூடாது. அவர்கள் கடந்துபோகும்போது அவர் மண்ணை அள்ளி விரல்களினூடே வழியவிட்டுச் சைகை காட்டியதாகப் பழைய கைதிகள் நினைவுகூர்கிறார்கள். ஆறு ஆண்டுகளில் பேச்சையே மறந்துவிடுவோமோ என்று அவர் அஞ்சியிருக்கிறார்.

பொருள் வசதியில் சொபுக்வேயின் நிலை குவாரிக் கைதிகளைவிட மேலானது. படிப்பும் இருந்தது. அந்தப் படிப்பு அவரை யாரோடும் சேர்க்கவில்லை. அரசு யாரைக் கண்டு அதிகம் அஞ்சியதோ, அவரிடமிருந்து புத்தகங்களைப் பறிக்காமல் மாணவர்களைப் பறித்தது. எது ஆபத்தானது என்பதை நிறவெறி அரசு மிகச் சரியாகவே அறிந்திருந்தது.

வேறு இரண்டு சிறைகள்

ராபன் தீவில் கண்டது அந்த மண்ணுக்கே உரிய விதிவிலக்கா என்று கேட்கலாம். அந்தமான் செல்லுலார் சிறையைப் பாருங்கள். ஏறத்தாழ எழுநூறு தனிக் கொட்டடிகள். ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்க்குமாறு கட்டப்பட்டதால், கைதி கைதியின் முகத்தைக் காண முடியாது. 1933 மே மாதம் தொடங்கிய உண்ணாநோன்பில், வலுக்கட்டாயமாக உணவு செலுத்தியதால் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் இறந்தார்கள். அதன் பிறகே விளக்கும் புத்தகங்களும் கூடிப் படிக்கும் வாய்ப்பும் கிடைத்தன. வங்காளத்தின் அனுசீலன், யுகாந்தர் என்ற புரட்சிக் குழுக்கள் நெடுங்காலப் போட்டியாளர்கள். பஞ்சாபிலிருந்தும் ஐக்கிய மாகாணத்திலிருந்தும் வந்தவர்களுக்கு வேறு மரபு. இவர்கள் சேர்ந்து படித்த வட்டங்களிலிருந்து 1935இல் சிறைக்குள்ளேயே ‘கம்யூனிஸ்டு கன்சாலிடேஷன்’ என்ற கூட்டமைப்பு எழுந்தது. விடுதலையானபின் அவர்களில் பலர் பழைய குழுக்களுக்குத் திரும்பாமல் பொதுவுடைமை இயக்கத்துக்குப் போனார்கள். ராபன் தீவில் கட்சிகள் கலையவில்லை; இங்கே பழைய குழு எல்லைகளே அழிந்தன. படிப்பின் விளைவு எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை.

இரண்டாவது, வட அயர்லாந்தின் லாங் கெஷ் சிறை. 1976 மார்ச்சில் பிரிட்டன் அரசியல் கைதி போன்ற தனி நிலையை நீக்கியதும், சிறைச் சீருடையை மறுத்துப் போர்வை மட்டுமே போர்த்திக் கிடந்த, பிரிட்டனிலிருந்து பிரிந்து அயர்லாந்தோடு இணைய விரும்பிய குடியரசுவாதக் கைதிகளுக்குப் புத்தகமும் தாளும் மறுக்கப்பட்டன. அவர்கள் ஐரிஷ் மொழியைக் குரலால் கற்பித்தார்கள். மொழி அறிந்தவர் கதவிடுக்கில் நின்று உரக்கச் சொல்வார். வரிசையிலிருந்த மற்றவர்கள் சுவரில் கீறிக்கொண்டு திருப்பிச் சொல்வார்கள். காவலர்களுக்கு அந்த மொழி புரியாது என்பதால் அதுவே அவர்களின் தனிப்பேச்சாகவும் ஆனது. அதே சிறையின் வேறு பகுதியில், இவர்களின் எதிரிகளான பிரிட்டன் விசுவாசக் குழுக்களின் கைதிகளும் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் படிப்பில் சேர்ந்தார்கள். அப்படிப் படித்த டேவிட் எர்வின், பின்னர் 1998இன் அமைதி உடன்படிக்கைக்குத் தம் தரப்பில் ஆதரவு திரட்டியவர்களில் ஒருவர். இரு தரப்பும் ஒரே வகுப்பில் உட்காரவில்லை. ஆகவே லாங் கெஷ் படிப்பு எதிரிகளைச் சேர்த்தது என்று சொல்ல நான் தயங்குகிறேன். அவரவர் தரப்புக்குள் பேச்சுவார்த்தையைத் தாங்கக்கூடிய மனிதர்களை உருவாக்கியது என்பதுவரை சொல்லலாம்.

வெளியே வந்த பிறகு

டிக்காங் மொசெனெகே 1963இல், பதினைந்து வயதில், அகில ஆப்பிரிக்க காங்கிரஸோடு தொடர்புடைய வழக்கில் பத்தாண்டுத் தண்டனை பெற்று ராபன் தீவுக்கு வந்தார். பள்ளி இறுதித் தேர்வையும் முதல் பட்டத்தையும் அங்கேயே முடித்தார். அதே பத்தாண்டுகளில் அதே தீவில் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் கைதியாகப் படித்துக்கொண்டிருந்தவர் ஜேக்கப் ஜூமா. கைதிகள் தாங்களே விதிமுறை வகுத்து நடத்திய மகானா கால்பந்துச் சங்கத்திலும் இருவருக்கும் பங்கு உண்டு; ஜூமா ஆட்ட நடுவராகவும் இருந்தார்.

மொசெனெகே வழக்கறிஞராகி, 1993இல் இடைக்கால அரசியல் சட்டத்தை வரைந்த குழுவில் பணியாற்றி, 2005இல் துணைத் தலைமை நீதிபதியானார். ஜூமா 2009இல் குடியரசுத் தலைவரானார். இன்காண்ட்லாவிலுள்ள தம் சொந்த வீட்டுக்கு அரசுப் பணம் செலவிடப்பட்ட விவகாரத்தில் அவர் அரசியல் சட்டத்தைக் காக்கத் தவறினார் என்று 2016 மார்ச் 31 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்போடு உடன்பட்ட நீதிபதிகளின் பெயர்களில் மொசெனெகேயின் பெயரும் இருக்கிறது.